மூன்றாம் வரிசை

ஏழு பேர் உட்காரும் வண்டியை வாங்கியவர்கள் அதைக் காட்டுப் பயணத்துக்குத் தயார்செய்யத் தொடங்கும்போது, பெரும்பாலும் முதலில் கழற்றுவது மூன்றாம் வரிசை இருக்கைகளைத்தான். அந்த இடத்தில் இழுப்பறைப் பெட்டி வரும். பெட்டிக்கு மேல் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் வரும். பக்கத்தில் இரண்டாவது பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, மடக்கு அடுப்பு. குடும்பத்துக்காக வாங்கிய வண்டி, குடும்பத்தோடு காட்டுக்குப் போவதற்காகவே, குடும்பத்தில் இரண்டு பேருக்கான இடத்தை இழக்கிறது. இதை யாரும் உட்கார்ந்து யோசித்துத் தீர்மானிப்பதில்லை. நட்டுகளைக் கழற்றுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் ஓர் அறக்கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. தயாராக இருப்பது என்றால் என்ன? அந்தத் தயாரிப்புக்காக எதை, யாரை விட்டுவிட்டுப் போகலாம்?

கேள்வி பெரிதாகத் தோன்றினால் கொஞ்சம் இறங்கி வந்து பேசலாம். பிகேபி காலம் முடிந்ததும் மலேசியாவில் கூடாரம் போடும் மோகம் பிடித்துக்கொண்டது. ஜண்டா பாய்க், உலு லங்காட், கோல குபு பாரு என்று ஆற்றோரமெல்லாம் வார இறுதியில் வண்டிகள். அதில் ஒரு கூட்டம் இன்னும் தள்ளிப் போக விரும்பியது. குவா மூசாங் பக்கம், லோஜிங் மலைச்சாலை, கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, அங்கங்கே பிரியும் பாலாக் லோரிச் சடக்குகள். இதற்கு ஓவர்லாண்டிங் என்று பெயர். சேற்றில் வண்டியின் வீரத்தைக் காட்டுவது இதன் நோக்கமில்லை. வண்டியையே வீடாக்கிக்கொண்டு தரைவழியே பல நாள் போவது. ஃபார்ச்சூனர், பஜேரோ ஸ்போர்ட் மாதிரியான ஏழு இருக்கை வண்டிகள் இதற்கு வசதி என்பார்கள். காரணம் கேட்டால், பிள்ளைகுட்டிகளோடு போகலாமே என்பார்கள்.

நான் மெக்கானிக்கல் படித்தவன், தொழிற்சாலையில் வேலை. அதனால் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "இன்னும் எவ்வளவு ஏத்தலாம்?" பதில் வெறும் கழித்தல் கணக்கு. வண்டி சுமையோடு சேர்த்து இருக்கக்கூடிய அதிகபட்ச எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிச்சம் இருப்பது சுமைக்கான அளவு. இந்த வகை வண்டிகளில் அது ஏறத்தாழ 600 கிலோ. அந்த 600 கிலோவில் மனிதர்களும் அடக்கம் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. இவர்கள் ஐவரையும் 270 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 330. இப்போது சாமான்களை ஏற்றலாம். முன்பக்க இரும்புக் காப்பு 50 கிலோ, வின்ச் 35, கூரைத் தாங்கி 30, கூரைக் கூடாரம் 60, இழுப்பறைப் பெட்டி 60, சாப்பாட்டோடு ஃபிரிட்ஜ் 40, இரண்டாவது பேட்டரி 30, நாற்பது லிட்டர் தண்ணீர் 40, ஒரு ஜெர்ரி கேன் டீசல் 20, பக்கவாட்டுப் பந்தல் 15, அடுப்பு, மேசை, நாற்காலி, பாத்திரம் 50, இழுவைக் கயிறும் கருவிகளும் 30, துணிமணியும் படுக்கையும் 50. கூட்டினால் 510. அளவைவிட 180 கிலோ கூடுதல். பாட்டியும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்தே 120 கிலோதான். அவர்கள் மூவரையும் வீட்டில் விட்டாலும் கணக்கு சரியாவதில்லை. மனைவியும் இறங்கினால்தான் வண்டி சட்டப்படி நகரும். குடும்பப் பயணத்துக்கான முழுத் தயாரிப்பு முடிந்ததும், வண்டியில் உட்கார ஓட்டுநர் மட்டும் மிஞ்சுகிறார்.

"கனமான ஸ்பிரிங் போட்டாச்சே" என்பார்கள். ஸ்பிரிங் மாற்றினால் வண்டியின் பின்பக்கத் தொய்வு மறையும். எடை மறையாது. பிரேக், அச்சு, டயர் எல்லாம் பழைய அளவுக்கே செய்யப்பட்டவை. லோஜிங் இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது ஸ்பிரிங் ஒன்றும் செய்யாது. கூரையில் ஏற்றிய நூறு கிலோ வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்திவிடுகிறது. வளைவில் புரளும் வாய்ப்பு கூடுகிறது. ஆக, பாதுகாப்புக்கென்று ஏற்றிய ஒவ்வொன்றும் வண்டியின் பாதுகாப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதைப் பள்ளியில் மனப்பாடம் செய்த யாருக்கும் இது புதிதில்லை. அந்தக் குறள் இருப்பது வலியறிதல் அதிகாரத்தில். அதன் முதல் குறள் அரசன் எடைபோட வேண்டிய வலிமைகளைப் பட்டியலிடுகிறது. செய்யப்போகும் காரியத்தின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, கூடவே துணை நிற்பவர்களின் வலிமை. மயிலிறகு நம் நினைவில் நின்றுவிட்டது. துணை நிற்பவர்கள் எப்படியோ உதிர்ந்துவிட்டார்கள்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், தன் வண்டியின் பட்டியலோடு என்னிடம் வந்தார். நான் கணக்குப் போட்டுக் காட்டியதும் சிரித்தார். "உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல தம்பி. ரெண்டு பிள்ளைய வெச்சிக்கிட்டு லைன் இல்லாத இடத்துல நின்னு பாரு. எல்லாம் வேணும்னு தோணும்." அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. தனியாகப் போகிறவன் குறைவாகத் தூக்கிக்கொண்டு போவதைத் துறவு என்று பெருமையடித்துக்கொள்ளலாம். பிள்ளைகளை அழைத்துப் போகிறவருக்கு அந்தச் சொகுசு கிடையாது. அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசிப்பது கடமை.

அதனால் தொழிற்சாலையில் நாங்கள் பயன்படுத்தும் முறையிலேயே அவருடைய பட்டியலைப் போட்டுப் பார்த்தோம். எஃப்எம்இஏ என்போம். எது எது தவறிப்போகலாம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண் போட வேண்டும். நடந்தால் எவ்வளவு மோசம், எவ்வளவு அடிக்கடி நடக்கும், முன்கூட்டியே கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம். மூன்றையும் பெருக்கினால் எதற்கு முதலில் கவனம் தேவை என்பது தெரியும். மேலே வந்தவை எல்லாம் சலிப்பூட்டும் விஷயங்கள். டயர் வெடிப்பது, ஆற்றில் திடீர் வெள்ளம், வெட்டுக்காயம், குடிதண்ணீர் தீர்வது, போன் லைன் கிடைக்காமல் போவது. இவற்றுக்கு வேண்டியது நல்ல டயர், காற்றழுத்தமானி, சின்ன கம்ப்ரெசர், முதலுதவிப் பெட்டி, தண்ணீர், எங்கே போகிறோம் எப்போது திரும்புவோம் என்று வீட்டில் எழுதிக் கொடுத்த ஒரு தாள். எல்லாம் சேர்த்தாலும் நூறு கிலோ தாண்டாது. கூரைக் கூடாரமும் ஃபிரிட்ஜும் இழுப்பறைப் பெட்டியும் அடியில் போய்விட்டன. அவை காப்பது உயிரை அல்ல, வசதியை. வசதி தப்பில்லை. ஆனால் அதை ஆபத்து என்ற பெயரில் ஏற்றும்போது, அதற்காக வேறு எதை இறக்கினோம் என்று கேட்பது நின்றுவிடுகிறது.

அண்ணனிடம் அதைத்தான் கேட்டேன். "பின்சீட்ட கழட்டிட்டா அம்மா எங்கண்ணே உக்காருவாங்க?"

"அம்மாவுக்கு இதெல்லாம் சரிப்படாது தம்பி."

"கேட்டீங்களா?"

"கேக்க என்ன இருக்கு?"

அவர் அம்மாமீது பாசமில்லாதவர் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரை மருத்துவமனைக்கோ கோயிலுக்கோ அழைத்துப் போகிறவர். ஆனாலும் அந்தக் கேள்வி கேட்கப்படுவதற்கு முன்பே இருக்கை கழன்றுவிட்டது. சாமானுக்கு இடம் போதாதபோது நாம் சாமானைக் கேள்வி கேட்பதில்லை. பேசாமல் இருக்கும் மனிதரை விட்டுவிடுகிறோம்.

ஓவர்லாண்டர் என்ற சொல்லின் கதையைப் பார்த்தால் இது இன்னும் விசித்திரமாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டு ஆஸ்திரேலியாவில் மாட்டு மந்தைகளைப் பல நூறு மைல் தரைவழியே ஓட்டிப் போனவர்களுக்கு இருந்த பெயர் அது. அது வேலை, அதுவும் கூட்டமாகச் செய்த வேலை. நம் பக்கம் வந்து முடிந்த புகழ்பெற்ற பயணம் ஒன்றும் உண்டு. 1955 செப்டம்பரில் லண்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் கிளம்பி, ஆசியாவைக் கடந்து, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். டிம் ஸ்லெஸ்ஸர் அதைப் புத்தகமாக எழுதினார். இன்றும் ஓவர்லாண்டிங் ஆட்கள் அதைத் தங்கள் தொடக்கக் கதையாகச் சொல்கிறார்கள். வண்டிகளின் பெயர் எல்லோருக்கும் தெரியும், லேண்ட் ரோவர். எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணிக்கை. வண்டிகள் இரண்டு. ஒன்று சிக்கினால் இழுக்க இன்னொன்று.

நம் பட்டியலில் இருக்கும் இழுவைப் பட்டையை எடுத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு முனை. ஒன்றை நம் வண்டியில் மாட்டலாம், மற்றதை மாட்ட இன்னொரு வண்டி வேண்டும், அதில் ஓர் ஆள் வேண்டும். வின்ச் இருந்தால் மரத்தில் கட்டிச் சமாளிக்கலாம்தான். ஆனால் எல்லா இடத்திலும் மரம் சரியான இடத்தில் நிற்பதில்லை. பாலாக் சடக்கில் பாலம் நிற்கிறதா போய்விட்டதா என்று சொல்லக்கூடியவர் எதிரே வரும் லோரிக்காரர். ஆற்றின் மேற்பகுதியில் மழை பெய்ததா என்பது அந்தப் பக்கத்து ஒராங் அஸ்லி கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். நாம் கூடாரம் போட்ட இடத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதே கெப்பாலா ஆயர் வந்துவிடும். தண்ணீர் கலங்குவதையும் இலையும் சுள்ளியும் மிதந்து வருவதையும் கவனிக்க ஒருவர் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். யாரையும் நம்பாமல் இருப்பதற்காகக் காசு கொட்டி உருவாக்கிய வண்டி, கடைசியில் நம்பியிருப்பது இவர்களைத்தான்.

இதைக் கசப்போடு நினைவூட்டும் நாள் ஒன்று உண்டு. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலியில் மலைச்சரிவு இடிந்து முகாமிட்டிருந்தவர்கள்மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட 31 பேர் இறந்தார்கள். அவர்கள் தயாராக இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்து வந்து, கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த சாதாரணக் குடும்பங்கள். எந்த வண்டியில் எதை ஏற்றியிருந்தாலும் அந்த மண்ணைத் தடுத்திருக்காது. அந்த இரவில் தேவைப்பட்ட பாதுகாப்பு கடையில் விற்பது இல்லை. சரிவைப் பரிசோதிப்பவர், அனுமதி கொடுப்பவர், கொடுக்க மறுப்பவர், எச்சரிக்கை விடுப்பவர் என்று பல பேர் சேர்ந்து தர வேண்டியது. பாதுகாப்பு என்பது அவரவர் வாங்கி வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டிய பொருள் என்று நம்பப் பழகினால், பொதுவில் நமக்கு வர வேண்டியதைக் கேட்கும் பழக்கமும் மெல்லப் போய்விடும்.

இதுவரை சொன்னதை வைத்து ஒரு சுலபமான முடிவுக்கு வரலாம். சாமானைவிட மனிதர்கள் பயனுள்ளவர்கள், ஆகவே மனிதர்களை ஏற்றுங்கள். அந்த முடிவு எனக்குப் போதவில்லை. அண்ணனின் அம்மாவுக்குக் காட்டு மூலிகையெல்லாம் தெரியும், ஆற்றின் வாசனையை வைத்து வெள்ளத்தைச் சொல்லிவிடுவார் என்று நான் கதைவிட முடியாது. அவருக்கு முழங்கால் வலி. இரவில் மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும். கூரைக் கூடாரத்தின் ஏணியில் ஏற முடியாது. பயணத்தின் திறனை அவர் குறைக்கத்தான் செய்வார். துணையின் வலிமையைக் கணக்கிடச் சொன்ன வள்ளுவரின் அரசனும்கூட அவரைப் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டான். எஃப்எம்இஏ அட்டவணையில் யார் வரவில்லை என்று எழுதுவதற்குக் கட்டமே கிடையாது.

பழைய எஸ்டேட் லோரிகளைப் பற்றி வீட்டில் கேட்டிருப்போம். தைப்பூசத்துக்குத் தீம்பாரிலிருந்து லயமே கிளம்பி லோரியில் ஏறும். அண்டா, பாய், அரிசி மூட்டை, அவற்றுக்கு நடுவில் கிழவிகளும் கைப்பிள்ளைகளும். அந்த லோரி பாதுகாப்பானது இல்லை. அதற்குத் திரும்பிப் போகச் சொல்லும் ஏக்கமும் எனக்கில்லை. ஆனால் ஏற்றும் வரிசை ஒன்று அதில் இருந்தது. யார் யார் வருகிறார்கள் என்பது முதலில் முடிவாகும். பிறகு, மிச்ச இடத்தில் என்ன அடங்குமோ அது. நாம் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். முதலில் சாமான், பிறகு மிச்ச இடத்தில் அடங்குகிற குடும்பம்.

வரிசையைத் திருப்பிப் போட்டால் வண்டியும் மாறும், பயணமும் மாறும். கூரைக் கூடாரத்துக்குப் பதில் தரையில் போடும் சாதாரணக் கூடாரம். ஃபிரிட்ஜுக்குப் பதில் ஐஸ் பெட்டி. ஏழு நாள் மூன்று நாளாகும். பாலாக் சடக்கின் கடைசி வரைக்கும் போக முடியாது. கழிவறை இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். இரண்டாவது வண்டியோடு வர ஒரு நண்பரைக் கெஞ்ச வேண்டும். படம் எடுத்துப் போட்டால் யாரும் வியக்க மாட்டார்கள். இவை எல்லாம் இழப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. எதை இழக்கிறோம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த இழப்பு, அவ்வளவுதான்.

அவர் உண்மையிலேயே வரமாட்டேன் என்று சொல்லலாம். "எனக்கு வீட்டுல சீரியல் இருக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லவும் எல்லா வாய்ப்பும் உண்டு. சொல்லட்டும். அதற்குப் பிறகு இருக்கையைக் கழற்றுவது வேறு காரியம். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு போன் போட வேண்டியிருக்கிறது.