வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும்

பெரிய வெள்ளியன்று யோவான் நற்செய்தியின் பாடுகளை ஆண்டுதோறும் கேட்கிறோம். கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. இந்தத் தவக்காலத்தில் வேறு எதையும் பார்க்காமல் பிலாத்துவின் நடையை மட்டும் கவனித்து வாசித்தேன். மனிதன் ஓரிடத்தில் நிற்கவில்லை. இயேசு ஆளுநர் மாளிகைக்கு உள்ளே. அவரைக் கொண்டுவந்தவர்கள் வெளியே. அந்நியன் வீட்டுக்குள் நுழைந்தால் தீட்டு, பாஸ்கா உணவு உண்ண முடியாது என்று அவர்கள் வாசலைத் தாண்ட மறுக்கிறார்கள். அதனால் ஆளுநரே வெளியே வந்து அவர்களிடம் பேசுகிறான், உள்ளே போய்க் கைதியிடம் பேசுகிறான், மறுபடி வெளியே வருகிறான். விளக்கவுரை எழுதுகிறவர்கள் இதை ஏழு காட்சிகளாகப் பிரிப்பதுண்டு.

உண்மை எது என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனவன் என்றே பிலாத்துவைப் பேசுகிறோம். அது அவனுக்கு முழு நியாயம் செய்வதாகாது. அவன் கண் நன்றாகவே பார்த்தது. இந்த மனிதனிடம் குற்றம் இல்லை என்று வெளியே வந்து மூன்று முறை சொல்கிறான். சொன்னது சரி. சொல்லிவிட்டுத்தான் சிலுவைக்குக் கையளிக்கிறான்.

இங்கேதான் தடுக்கி நிற்கிறேன். உலகம் பொய்யைக் காண்கிறது, விசுவாசி மெய்யைக் காண்கிறான் என்று பிரசங்கங்களில் கேட்பதுண்டு. பிலாத்துவை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல வராது. தெரியாமல் போனது அவன் சிக்கல் அல்ல.

*

தெரிந்ததன் பக்கத்திலேயே நின்ற ஒருவரை நினைக்கிறேன். ஆஸ்திரியாவில், ஜெர்மனி எல்லையை ஒட்டி, சங்க்ட் ராடகுண்ட் என்றொரு சிறிய ஊர். பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் அங்கே விவசாயி, 1907இல் பிறந்தவர். இளவயதில் முரட்டுப் பையன். ஊரில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர் என்று சொல்வார்கள். மணம் ஆகுமுன்பே ஒரு மகள் பிறந்திருந்தாள். 1936இல் பிரான்சிஸ்காவை மணந்தார், பெரிய வியாழனன்று. இருவரும் ரோமைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதன்பின் ஆள் மாறினார். பின்னாளில் பங்கின் கோவில்பிள்ளையாகவும் ஆனார்.

1938 ஜனவரியில் அவருக்கு ஒரு கனவு. மலையைச் சுற்றி அழகான ரயில் ஒன்று வருகிறது. பெரியவர்களும் பிள்ளைகளும் அதில் ஏற ஓடுகிறார்கள். இது நரகத்துக்குப் போகும் ரயில் என்று ஒரு குரல். இதைப் பின்னர் அவரே எழுதி வைத்தார், நாஜிக் கட்சியைத்தான் கண்டதாகப் பொருள் சொல்லி. கனவுகளை நம்பி முடிவெடுப்பவர்கள் மேல் எனக்குப் பொதுவாக ஐயம் உண்டு. ஆனால் அந்த ரயில் அழகாக இருந்தது என்று அவர் ஒளிக்காமல் எழுதியிருப்பதால் இந்தக் கனவை நம்புகிறேன்.

அந்த ஏப்ரல் 10ஆம் தேதி, ஜெர்மனியோடு இணைவதற்கான வாக்கெடுப்பு. நாடு முழுவதும் 99 விழுக்காட்டுக்கு மேல் ஆம் என்றது. சங்க்ட் ராடகுண்டில் ஒரே ஒருவர் இல்லை என்று வாக்களித்தார். யார் என்பது ஊருக்குத் தெரியும். மேலிடத்துக்குப் போன முடிவில் அந்த ஒரு வாக்கு இல்லை. ஊர் ஒருமனதாக ஆம் சொன்னதாகப் போனது. அதிகாரிகள் கெட்டவர்களாக இருந்திருக்கத் தேவையில்லை. ஊருக்கும் அவருக்கும் வம்பு வேண்டாம் என்றுகூட நினைத்திருக்கலாம். பல ஆண்டு கழித்து வரலாறு வாசிப்பவனுக்கு அந்த ஊரின் எண்ணிக்கைதான் கண்ணில் படும், ஆள் படமாட்டார்.

*

1940இல் படைக்கு அழைத்தார்கள். பயிற்சிக்குப் போனார். நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்று ஊராட்சி கேட்டதால் அடுத்த ஆண்டு திரும்பினார். இனி அழைத்தால் போவதில்லை என்று முடிவு செய்தார்.

அதன்பிறகு அவரோடு பேசியவர்களின் வரிசைதான் என்னை மிகவும் உறுத்துகிறது. அதில் ஒரு கயவன்கூட இல்லை. தாய் அழுதார். உறவினர் வந்தார்கள். பங்கின் முந்தைய குரு கரோபாத், நாஜிகளுக்கு எதிராகப் பிரசங்கம் செய்து கைதானவர். அவரே இவர் மனத்தை மாற்றப் பார்த்தார், வேதவசனத்தைக் கொண்டு இவர் தன்னை வென்றுகொண்டே இருந்ததாகப் பிறகு சொன்னார். யேகர்ஸ்டேட்டர் லின்ஸ் ஆயர் பிளீஸரையும் போய்ப் பார்த்தார். குடும்பத்தைப் பார், ஆட்சியாளர் செய்வதற்கு நீ பொறுப்பல்ல என்பதே ஆயர் சொன்னதன் சாரம்.

ஒவ்வொன்றும் சரியான பேச்சு. வீட்டில் மூன்று பெண் குழந்தைகள், அவர்களில் மூத்தவளுக்கே ஆறு வயது நிரம்பவில்லை. ஓர் உழவன் மறுத்தால் போர் ஒருநாள்கூட முன்னதாக முடியாது. பாவம் என்று வந்தால் கட்டளையிட்டவன் தலையில். உலகப்பார்வை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, அக்கறையோடு, வீட்டு ஆட்களின் குரலில். ஒரு வாக்கியத்தைக்கூட மறுக்க முடியாது. எல்லாவற்றையும் சேர்த்தால் மட்டும், அநியாயமான போருக்குத் துப்பாக்கி தூக்கு என்று கூட்டுத்தொகை வருகிறது.

கிறிஸ்துவே உண்மை என்று யோவான் எழுதும்போது, சரியான கருத்துகளின் தொகுப்பு என்று அதைப் படிக்க எனக்கு இனி முடியவில்லை. கருத்து என்றால் பிலாத்துவும் வைத்திருந்தான். ஆள் என்றால் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது, வெளியே இருப்பவர்கள் பார்க்கும்படி.

*

பிரான்சிஸ்காவும் முதலில் மற்றவர்களைப் போலத்தான் கெஞ்சினார். எல்லோரும் கணவரோடு சண்டை பிடித்தபோது கணவர் பக்கம் மாறினார். நானும் இல்லையென்றால் அவருக்கு யாருமே இருந்திருக்கமாட்டார்கள் என்று முதுமையில் காரணம் சொன்னார். வாதம் ஏதும் இல்லை அதில். எனக்கு யேகர்ஸ்டேட்டரைவிட இந்த அம்மாளைப் புரிந்துகொள்வதுதான் கடினம்.

1943 மார்ச்சில் யேகர்ஸ்டேட்டர் மறுப்பைச் சொல்லிச் சிறை போனார். மே மாதம் பெர்லினின் டேகல் சிறைக்கு மாற்றினார்கள். ஜூலை 6 அன்று மரண தண்டனை. சில நாளில் மனைவியும் பங்குக்குருவும் ரயிலேறிப் பெர்லின் போனார்கள். கிடைத்தது இருபது நிமிடம். குரு அந்த நேரத்திலும் மனதை மாற்றத்தான் பார்த்தார்.

ஆகஸ்ட் 9, பிராண்டன்பர்க். கடைசி நேரத்தில் அறைக்குச் சென்ற குரு யோக்மன், மேசைமேல் ஒரு தாள் கிடந்ததாகச் சொன்னார். கையெழுத்திட்டால் உயிர் தப்பும். கைதி அதை ஓரமாக நகர்த்தினார். வேறு ஏதாவது வாசித்துக் காட்டட்டுமா என்று குரு கேட்டதற்கு, இறைவனோடு இருக்கிறேன், வாசிப்பு இடையூறாகும் என்ற பொருளில் பதில் வந்தது. மாலை 4 மணிக்குத் தலை வெட்டப்பட்டது.

ஊர், பிரான்சிஸ்காவைக் குறை சொன்னது. நன்றாக இருந்த மனிதனைப் பக்திப் பைத்தியமாக்கியவள் இவள்தான் என்று. நிலத்தை உழுது மூன்று பெண்களையும் வளர்த்தார். கணவர் விட்ட கோவில்பிள்ளை வேலையையும் இவரே பார்த்தார். பழி சொன்னவர்கள் பூசைக்கு வருவதற்கு முன் பீடத்தை ஆயத்தம் செய்தது இவர் கை. போர் விதவைகளுக்கான உதவித்தொகை 1950 வரை இவருக்கு இல்லை.

*

யேகர்ஸ்டேட்டர் இருந்த அதே மாதங்களில், அதே டேகல் சிறையில், லுத்தரன் குரு டீட்ரிச் போன்ஹோஃபர் இருந்தார். இருவரும் சந்தித்ததாகச் சான்று இல்லை. ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்குடைய போன்ஹோஃபர், விசாரணையில் நண்பர்களைக் காக்க மறைத்தும் திரித்தும் பேசிக்கொண்டிருந்தார். உண்மை பேசுவது என்றால் என்ன என்று அங்கே ஒரு கட்டுரையும் தொடங்கினார்; முடிக்கவில்லை. அதில் ஓர் உதாரணம். உன் அப்பா குடித்துவிட்டு வீட்டுக்கு வருவாரா என்று ஆசிரியர் வகுப்பு நடுவே ஒரு பையனைக் கேட்கிறார். வருவார்தான். பையன் இல்லை என்கிறான். போன்ஹோஃபர் பையன் பக்கம்: ஆசிரியருக்கு அந்த வீட்டுக்குள் நுழைய உரிமை கிடையாது, பையனின் பொய்யில், அவன் ஒத்துக்கொண்டிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட, உண்மை அதிகம்.

இதை எண்ணிப் பயப்படுகிறேன். வருமான வரிப் படிவம் நிரப்பும்போது யாருக்கும் வசதியான தத்துவம் இது. ஆனாலும் அந்தப் பையனை ஒப்புக்கொள்ள வைக்கும் கிறிஸ்தவம் எனக்கு வேண்டாம். ஒருவர் பொய்யாக ஒரு கையெழுத்தும் போடாததால் இறந்தார். மற்றவர் பொய் சொல்லியும் 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். இருவரையும் ஒரே தராசில் நிறுத்த விதி எதுவும் அகப்படவில்லை.

*

1946இல் ஆயர் பிளீஸர், யேகர்ஸ்டேட்டரைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்ட இதழில் வெளியிட மறுத்தார். கடமை என்று நம்பிப் போருக்குப் போய் இறந்த இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் நிலை. மகனைப் பறிகொடுத்த ஆயிரக்கணக்கான வீடுகளை அவர் எண்ணியிருப்பார். 1964இல் கார்டன் ஜான் என்ற அமெரிக்க சமூகவியலாளர் நூல் எழுதியபின்தான் வெளியுலகம் அறிந்தது. 1997இல் பெர்லின் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் அருளாளர் பட்டம். 94 வயது பிரான்சிஸ்கா அங்கே இருந்தார்.

இன்று யேகர்ஸ்டேட்டரை யாரும் எதிர்ப்பதில்லை. நானும் எதிர்க்கவில்லை, சம்மதிக்க ஒன்றும் செலவாகாது என்பதால் என் சம்மதத்துக்கு மதிப்பில்லை. இந்த ஒருமனத்தைவிட அவருடைய சிறைக் குறிப்புகளில் உள்ள வேறொன்று எனக்குப் பயன்படுகிறது. படைக்குப் போன அண்டை வீட்டாரை அவர் எங்கும் தீர்ப்பிடவில்லை. தனக்குக் கிடைத்த அருள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்ற அளவில் விட்டுவிட்டு, அவர்களுக்காகச் செபிக்கிறார். பிளீஸருக்காகவும் செபித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.