அம்மாவுக்கு யார் தண்ணி கொடுப்பது?

நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அவர் படுப்பதில்லை. தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு சமைப்பார். நாமும் "அம்மான்னா அம்மாதான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டுவோம். அந்தப் பெருமை சரிதானா என்று ஒரு ராத்திரி எனக்குக் கேள்வி வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன செமஸ்டர் தேர்வுக்கு முன், படிப்பு வாரத்துக்காக ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா ஈப்போவில் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்க. வீட்டில் பாட்டி, அக்கா, அக்காவின் மூன்று வயது மகன், நான். அத்தானுக்கு ஜொகூரில் வேலை. மாதம் இரண்டு தடவைதான் வருவார்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா நெய்ச்சோறும் கோழிப் பிரட்டலும் செய்தாங்க. எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டோம். மிச்சச் சோறு மூடி போட்டு மேசை மேலேயே இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு அதை நன்றாகச் சூடு பண்ணி மகனுக்கு ஊட்டிவிட்டு, அவன் வைத்த மிச்சத்தை அக்கா சாப்பிட்டாங்க. பாட்டிக்கும் எனக்கும் நான் கடையிலிருந்து ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

பத்தரை மணிக்குப் பிள்ளை வாந்தி எடுத்தான். பதினொரு மணிக்கு அக்காவும் எடுத்தாங்க. அப்புறம் இரண்டு பேருக்கும் வயித்தால போக ஆரம்பித்தது.

எனக்குச் சத்தம் கேட்டது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். குளியலறைக் கதவு திறப்பதும் மூடுவதும் கேட்டது. 'அக்கா பார்த்துக்குவாங்க' என்று நினைத்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்த்தேன். பிறகு தூங்கியும் போனேன்.

காலை நாலரை மணிக்கு மைலோ கலக்க அடுப்படிக்குப் போனேன். அக்கா ஐஸ் பெட்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாங்க. மடியில் பிள்ளை. பக்கத்தில் ஒரு மங்கு, ஒரு தேக்கரண்டி. கிளினிக்கில் எப்போதோ கொடுத்த உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கலக்கி, சில நிமிடத்துக்கு ஒரு கரண்டியாக ராத்திரி முழுக்க அவனுக்குக் கொடுத்திருக்காங்க. அக்காவின் உதடு வெடித்திருந்தது.

"நீங்க குடிச்சீங்களாக்கா?"

தலையை ஆட்டினாங்க. "முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன் தம்பி. இவனுக்குச் சரியாகிற வரைக்கும் பச்சத் தண்ணி என் பல்லுல படாது."

"ஏன்க்கா?"

"நான்தானே ஊட்டுனேன்."

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பேச்சுச் சத்தத்தில் பாட்டி எழுந்து வந்தாங்க. ஒரு பார்வைதான் பார்த்தாங்க. "முருகன் என்ன உங்கிட்ட தண்ணி குடிக்காதேன்னா கேட்டாரு? நீ சாய்ஞ்சிட்டா இந்தப் புள்ளையக் கழுவிவிட அவரா வருவாரு?" என்றாங்க. பிறகு என் பக்கம் திரும்பினாங்க. "நீ என்னடா மரம் மாதிரி நிக்கிற? புள்ளைய வாங்கு!"

வாங்கினேன். அவன் அழுதான். அக்காவால் எழ முடியவில்லை. எழுந்தால் கண் இருட்டுகிறது என்றாங்க. விடிந்ததும் கிளினிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "இவன் பரவாயில்லை, இப்படியே கொடுங்க" என்றார். டிரிப் ஏற்ற வேண்டியிருந்தது அக்காவுக்குத்தான்.

ஊட்டிய கை குற்றவாளியா?

டாக்டர் சொன்ன காரணம் எளிமையானது. சமைத்த சோறு நம் ஊர்ச் சூட்டில் எட்டு மணி நேரம் வெளியே இருந்திருக்கிறது. அப்படி இருக்கும்போது சில கிருமிகள் பெருகி, சோற்றிலேயே நச்சை விட்டுவிடும். மறுபடி சூடு பண்ணினால் கிருமி சாகலாம், ஆனால் அந்த நச்சில் சில வகை அந்தச் சூட்டுக்கெல்லாம் அழியாது. மூடி போட்டால் ஈ வராது, அவ்வளவுதான். சுகாதார அமைச்சு 'லிஹாட், ஹிடு, ராசா' என்று சொல்வதை, அதாவது பார், முகர்ந்து பார், ருசித்துப் பார் என்பதை, அக்கா செய்துதான் கொடுத்தாங்க. நிறமும் மணமும் ருசியும் மாறவில்லை.

அப்படியானால் அக்கா செய்தது தவறா? ஆமாம், கவனக்குறைவு. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வைத்திருக்கலாம். அது குற்றமா? இல்லை. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

இதைவிடப் பல மடங்கு கொடுமை நம் பேராக்கிலேயே நடந்திருக்கிறது. 1988 அக்டோபரில், சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழாச் சமயத்தில், கம்பார்ப் பகுதியில் செய்யப்பட்ட 'லோ சீ ஃபன்' என்னும் அரிசி மீயைச் சாப்பிட்ட 13 குழந்தைகள் இறந்தார்கள். பூஞ்சணத்தில் உருவாகும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு கல்லீரலைத் தாக்கியதுதான் காரணம் என்று பிறகு வந்த மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. அந்த மீயைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் பெற்றோர்தான். திருநாள், பிள்ளை ஆசையாகக் கேட்டது, வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு தாய் நம் முன்னால் வந்து "நான்தானே ஊட்டுனேன்" என்று அழுதால், "ஆமாம், நீதான்" என்று நம்மில் யாராவது சொல்வோமா? நாக்கு வராது. அந்தத் தாய்க்குக் காட்டும் நியாயத்தை நம் வீட்டுத் தாய் தனக்கே காட்டிக்கொள்ள ஏன் மறுக்கிறாள்?

இந்த மாதிரி நேரத்தில் சிலர் "எல்லாம் கர்மா" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். கர்மா என்ற சொல்லுக்குப் பொருளே செயல்தான். நடந்து முடிந்த செயலை மாற்ற முடியாது. அடுத்த செயல் நம் கையில் இருக்கிறது. சோற்றை ஊட்டியது முடிந்துபோன செயல். அடுத்த செயல் ஒரு கரண்டி தண்ணீர், பிள்ளைக்கும் தனக்கும்.

வேண்டுதல் தப்பா?

அக்காவின் வேண்டுதலைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கையில் ஒன்றும் இல்லாதபோது மனிதன் தன்னிடம் இருக்கும் ஒரே பொருளை, தன் உடம்பை, தெய்வத்தின் முன்னால் வைக்கிறான். அதில் அன்பு இருக்கிறது. ஆனால் நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் விரதத்தில் விலக்கு உண்டு என்பதைத்தான் நம் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். உடம்பை வருத்துவது மனதைப் பக்குவப்படுத்தத்தானே தவிர, உயிரை வடித்துவிட அல்ல.

'நீ சொல்வது நன்றிகெட்ட பேச்சு, தாய் தன்னை மறந்ததால்தானே நாமெல்லாம் உயிரோடு இருக்கிறோம்' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ராத்திரி அக்கா இரண்டு காரியம் செய்தாங்க. தூங்காமல் மகனுக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாங்க. தான் குடிக்க மறுத்தாங்க. மகனைக் காப்பாற்றியது முதலாவது. இரண்டாவது யாரையும் காப்பாற்றவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கரண்டியைப் பிடிக்கும் கையும் விழுந்திருக்கும். முதலாவதைத் தியாகம் என்று வணங்குகிறேன். இரண்டாவது, தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனை. நாம் இரண்டையும் சேர்த்து ஒரே மாலையைப் போடுகிறோம்.

பெரட்டும் லயமும்

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பதில் பாட்டியிடம் இருந்தது. எங்கள் ஊரைச் சுற்றி இன்று செம்பனையும் தென்னையும்தான். பாட்டி இளவயதில் ஈப்போ பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவங்க. விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரத்துக்குப் போக வேண்டும். "உடம்புக்கு முடியலேன்னு படுக்கிறதெல்லாம் தொரைமாருக்குத்தான்டா" என்றாங்க பாட்டி. அதாவது, நாம் இன்று தாய்மையின் குணம் என்று புகழும் பிடிவாதத்தில் ஒரு பங்கு கூலி போய்விடும் என்ற பயத்தில் பிறந்தது. படுக்க முடியாதவர்கள், படுக்காமல் இருப்பதையே பெருமையாக்கிக்கொண்டார்கள்.

பாட்டி இன்னொன்றும் சொன்னாங்க. ஒரு நாள் வயித்தால போய்க்கொண்டே வெட்டுக்குப் போய், மரத்தடியில் சுருண்டு விழுந்துட்டாங்களாம். பக்கத்து நெரைக்காரி தன் மரங்களை முடித்துவிட்டு வந்து பாட்டியின் மரங்களையும் வெட்டிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வீட்டுக்காரி உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியைக் கொண்டுவந்து வாயில் ஊற்றியிருக்கிறார். "லயத்துல ஒருத்தி படுத்தா இன்னொருத்தி வந்து நிப்பா. கூப்பிட வேண்டியதே இல்ல."

தோட்டம் நமக்கு இரண்டு பழக்கங்களைக் கொடுத்தது. நோயைப் பொறுத்துக்கொண்டு நிற்பது ஒன்று, விழுந்தவருக்குப் பதில் இன்னொருவர் நிற்பது மற்றொன்று. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தபோது முதலாவதை மட்டும் மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டோம். இரும்பு கேட்டை மூடிக்கொண்டு, உள்ளே ஒரு பெண்ணைத் தனியாக நிற்க விட்டுவிட்டோம். எங்கள் வீட்டில் கேட் கூடத் தேவைப்படவில்லை. ஒரு அறைக்கதவும் ஓர் இயர்போனும் போதுமாக இருந்தது.

பொறியியல் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்: ஒரே ஒரு பாகம் பழுதானால் மொத்த அமைப்பும் நின்றுவிடும் என்றால், அந்தப் பாகம் எவ்வளவு உறுதியானது என்று பாராட்டிக்கொண்டிருக்கக் கூடாது, வடிவமைப்பே தவறு. நம் குடும்பங்களில் அந்த ஒரே பாகம் அம்மா. நாம் பாராட்டிக்கொண்டே இருக்கிறோம்.

நாலாவது ஆள்

திருக்குறளில் மருந்து என்றே ஓர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு பங்காகப் பார்க்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். இதில் இரண்டு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. நோயாளிக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. தன் நோயைச் சொல்வதும், கொடுப்பதை வாங்கிக் குடிப்பதும் அவர் கடமை. இன்னொன்று, பார்த்துக்கொள்பவர் மருத்துவருக்குச் சமமாக எண்ணப்படுகிறார். அந்த ராத்திரி எங்கள் வீட்டில் மருந்து இருந்தது, நோயாளிகள் இரண்டு பேர் இருந்தார்கள். நாலாவது ஆளின் இடம் காலியாக இருந்தது. அந்த ஆள் இருபதடி தூரத்தில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்த நாலாவது ஆளால் என்ன செய்ய முடியும் என்பதற்கு 1971-இல் ஒரு சாட்சி இருக்கிறது. வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்து எல்லை ஊரான பங்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கலக்கச் செய்து, அதை நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். 100-க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4-க்கும் கீழே இறங்கியது. மருத்துவப் பட்டம் வேண்டியிருக்கவில்லை. ஒரு கோப்பையும் தூங்காத ஒருவரும் வேண்டியிருந்தது.

ஆகவே இளைஞர்களே, நமக்கான வேலை சின்னதுதான். வீட்டில் கரைசல் பொட்டலம் நாலைந்து வாங்கி வையுங்கள். இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சமமாக வழித்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு கூடக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக மறுபடி கொடுங்கள். சிறுநீர் பல மணி நேரம் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, மயக்கமாக இருக்கிறது, மலத்தில் ரத்தம், எதுவுமே வயிற்றில் தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது பிள்ளைக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும்தான். பிள்ளைக்கு ஒரு கரண்டி கொடுக்கும்போது அம்மாவுக்கு ஒரு மடக்கு. ராத்திரி சத்தம் கேட்டால் எழுந்து போங்கள். "ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்காதீர்கள், "ஒண்ணும் வேணாம்" என்றுதான் பதில் வரும். பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோராக இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. சேவையைக் கொடுக்கத் தெரிந்த உங்களுக்கு அதை வாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும். உங்கள் பிள்ளை அதையும் பார்த்துத்தான் வளர்கிறது.

அக்கா குணமான பிறகு முருகன் கோயிலுக்குப் போனோம். வேண்டுதலைப் பாதியில் விட்டுவிட்டோமே என்று அவங்களுக்கு ஒரு உறுத்தல். அர்ச்சனை முடிந்து திரும்பும்போது, "கோவிச்சிருக்க மாட்டாரு இல்ல?" என்று கேட்டாங்க. "பாட்டிய அனுப்பினதே அவருதான்க்கா" என்றேன். சிரிச்சாங்க.

இரண்டு மாதம் கழித்து மறுபடி விடுமுறை. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு என் அறைக் கதவு தட்டப்பட்டது. "தம்பி, எந்திரி. எனக்குக் காய்ச்சலா இருக்கு. இவனப் பாத்துக்க." அக்கா என்னை அப்படி எழுப்பியது அதுதான் முதல் தடவை.

எழுந்து போனேன்.