கொரிந்தியருக்கு ஒரு வருஷம் ஆயிற்று
(லெந்துகாலக் கூட்டத்தில் ஆற்றிய அருளுரை)



கொரிந்து சபையாரைக் கஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பக்கமும் துறைமுகம் வைத்திருந்த வியாபாரப் பட்டணம் அது, காசு புழங்கிய ஊர். எருசலேமில் பரிசுத்தவான்கள் வறுமையில் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவ வேண்டும் என்று பவுல் கேட்டபோது இவர்கள் உற்சாகமாக முன்வந்தார்கள். அந்த உற்சாகத்தைப் பவுல் மக்கெதோனியாவில் போய்ப் பெருமையாகச் சொன்னார். அதைக் கேட்டு அங்கே பலர் எழும்பினார்கள். மக்கெதோனியச் சபைகள் உபத்திரவத்திலும் தரித்திரத்திலும் கிடந்தவை. ஆனாலும் அவர்கள் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வருந்திக் கேட்டுக் கொடுத்தார்கள்.

கொரிந்தியருக்கோ ஒரு வருஷம் ஆயிற்று. காரியம் முடியவில்லை.

இரண்டாம் கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களை வீட்டில் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள், பவுல் பட்ட சங்கடம் புரியும். மக்கெதோனியர் யாராவது என்னோடு அங்கே வந்து, ஒன்றும் ஆயத்தமாகவில்லை என்று கண்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன் என்று தவிக்கிறார். அதனால்தான் தீத்துவையும் வேறு சகோதரரையும் முன்னதாக அனுப்புகிறார்.

கொரிந்தியருக்கு மனசு இருந்தது, அதற்குப் பவுலே சாட்சி. அவர்களிடம் இல்லாதது என்ன என்று அறிய முதலாம் நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். வாரத்தின் முதல் நாளில், அவரவர் வரவுக்குத் தக்கதாய், தன்னிடத்தில் எடுத்துச் சேர்த்துவையுங்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார். நாளும் அளவும் இடமும் ஒரே வசனத்தில் வந்துவிடுகின்றன. நான் வந்த பிறகு வசூல் நடக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறார். பவுல் மேடையேறி உருக்கமாகப் பேசியிருந்தால் அன்றைக்கே பை நிரம்பியிருக்கும். அவர் அதை விரும்பவில்லை. நாமோ கன்வென்ஷன் கடைசி நாளில் அழுது, கையை உயர்த்தித் தீர்மானம் எடுக்கிறோம். பாதித் தீர்மானம் பந்தலைத் தாண்டுவதில்லை. பிரசங்கியார்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அழவைக்கத் தெரிந்த அளவுக்கு, மறுநாள் என்ன செய்வது என்று சொல்ல எங்களுக்குத் தெரிவதில்லை.

உற்சாகத்தோடு முறையும் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. பிரசங்கியார் ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டில் இருந்தபோது அவரைச் சுற்றிச் சில வாலிபர்கள் கூடினார்கள். புதன், வெள்ளி உபவாசம், சிறையில் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் முறை வைத்திருந்தார்கள், மற்ற மாணவர்கள் கேலி செய்தார்கள். அவர்களில் ஒருவருடைய கணக்கை வெஸ்லி பிற்காலத்தில் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். முதல் வருஷ வரவு 30 பவுன். 28-ல் வாழ்ந்துகொண்டு 2 பவுனைக் கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது. செலவு அதே 28, கொடுத்தது 32. அப்புறம் 90, அதன்பின் 120. செலவு மட்டும் 28-ஐத் தாண்டவில்லை. அந்த ஒருவர் வெஸ்லியேதான் என்பது அவர் சரித்திரம் எழுதினவர்களின் கருத்து. சம்பளம் ஏறும்போது நம் வீட்டில் முதலில் ஏறுவது எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

மிசோரத்தில் 1910 முதல் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் சமைக்கும்போது, பானையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்துவைப்பார்கள். நம் சபைத் தாய்மார்களுக்கும் பிடி அரிசி புதிதல்ல. மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டிருந்தால் ஒரு நாளும் மிஞ்சியிருக்காது.

நாள் குறித்து, கணக்கு வைத்து அன்பு காட்டுவதா, இது பரிசேயன் வேலை அல்லவா என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நியாயமான கேள்விதான். வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்துத் தசமபாகமும் கொடுத்த, இயேசுவின் உவமையில் வரும் அந்தப் பரிசேயன், கணக்கைத் தேவனுக்கு முன்பாக நின்று வாசித்துக்காட்டினான். தூரத்தில் நின்ற ஆயக்காரனைக் காட்டி வாசித்தான். மக்கெதோனியரோ, பவுல் சொல்கிறபடி, முதலாவது தங்களையே கர்த்தருக்குக் கொடுத்தார்கள், பணம் அதன் பின்னால்தான் வந்தது. அந்த வரிசை மாறினால் பிடி அரிசியும் பரிசேயன் கணக்காகிவிடும்.

பணத்தை விடுங்கள், மற்றதும் இப்படித்தான். பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பியை நேரம் வரும்போது பார்க்கலாம் என்கிறோம். எந்த நாள், யார் வீட்டில், முதலில் என்ன சொல்வது என்று முடிவு செய்கிறவரை அது ஆசை மட்டுமே. ஆசைப்பட்டதற்கே நமக்கு நிம்மதியும் வந்துவிடுகிறது, அதுதான் மோசம். கொரிந்தியரும் அந்த ஒரு வருஷம் நிம்மதியாகத்தான் இருந்திருப்பார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? ரோமருக்கு எழுதின நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில், எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியா நாட்டாரும் அகாயா நாட்டாரும் மனப்பூர்வமாய்ப் பணம் சேர்த்தார்கள் என்று பவுல் எழுதுகிறார். கொரிந்து அகாயாவில் இருந்த ஊர். எவ்வளவு சேர்ந்தது என்று அவர் சொல்லவில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க எருசலேமுக்குப் புறப்பட்டார். அங்கே கட்டும் காவலும் காத்திருக்கிறது என்று தெரிந்தே புறப்பட்டார்.