சுத்தம் சுகம் தரும்; பயம் எதைத் தரும்?

“சுத்தம் சுகம் தரும்” என்று பாலர் வகுப்பிலேயே படித்தவர்கள் நாம். கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழியோடு வளர்ந்த எமக்குச் சுத்தத்தின் அருமையை எவரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. ஆயினும் இன்று அஜக்ஸிலோ ஸ்காபரோவிலோ ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தால், கிருமி கொல்லும் திரவம், ஸ்பிரே, ஈரத்தாள், கையில் பூசும் ஜெல் என்று ஒரு வரிசை முழுவதும் எம்மை எச்சரித்தபடி நிற்கிறது. விளம்பரங்களிலோ குழந்தை தவழும் தரையில் பச்சைப் பூதங்கள் நெளிகின்றன. தாய் பதறுகிறாள். போத்தல் வருகிறது. சூரசங்காரம் முடிகிறது.

இந்தப் பயம் நியாயமானதுதானா? இதை வெறும் செலவுக் கணக்காக மட்டும் பார்த்துவிட முடியாது. இதற்குள் ஓர் அறக் கேள்வியும் இருக்கிறது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். கிருமி கற்பனையல்ல. 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துப் பொது வைத்தியசாலையில் பிரசவத்துக்கு வந்த தாய்மார் காய்ச்சல் கண்டு இறந்துகொண்டிருந்தனர். பிண அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் மருத்துவர்களின் கைகளே காரணம் என்று செம்மல்வைஸ் என்ற வைத்தியர் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவும்படி கட்டளையிட்டார். அந்த ஆண்டு ஏப்ரலில் 18 வீதமாக இருந்த இறப்பு, யூன் மாதத்தில் ஏறக்குறைய 2 வீதமாகக் குறைந்தது. மருத்துவச்சிகள் பணிபுரிந்த மற்றப் பிரிவில் இறப்பு முன்னரே குறைவாக இருந்தது. அதாவது, நஞ்சைச் சுமந்தவை படித்த பெரியவர்களின் கைகள். இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

கை கழுவுவதன் பயன் எமது காலத்திலும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. பாகிஸ்தானின் கராச்சி நகரில் வறிய குடியிருப்புகளில் நடந்த ஓர் ஆய்வு 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. சவர்க்காரம் கொடுத்துக் கை கழுவும் பழக்கத்தை ஊக்குவித்த வீடுகளில், பிள்ளைகளுக்கு வரும் வயிற்றோட்டமும் நிமோனியாவும் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தன. சில வீடுகளுக்குச் சாதாரண சவர்க்காரமும், வேறு சில வீடுகளுக்குக் கிருமிகொல்லி சேர்த்த சவர்க்காரமும் கொடுக்கப்பட்டன. இரண்டுக்குமிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை.

காரணம் எளியது. சவர்க்காரம் கிருமியைக் கொன்றுதான் ஆகவேண்டும் என்பதில்லை. அதன் ஒரு முனை எண்ணெய்ப் பசையைப் பற்றுகிறது. மறு முனை நீரைப் பற்றுகிறது. கையில் ஒட்டிய அழுக்கும் கிருமியும் பிடி தளர்ந்து தண்ணீரோடு போய்விடுகின்றன. இறந்து போனாலென்ன, உயிரோடு போனாலென்ன?

2016 செப்ரெம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ட்ரைக்ளோசான் உட்பட 19 இரசாயனங்களைப் பொதுமக்கள் பாவிக்கும் கழுவும் சவர்க்காரங்களில் சேர்க்கக்கூடாது என்று தீர்மானித்தது. இவை சாதாரண சவர்க்காரத்தையும் நீரையும் விடச் சிறந்தவை என்றோ, நீண்டகாலப் பாவனைக்குப் பாதுகாப்பானவை என்றோ உற்பத்தியாளர்கள் நிரூபிக்கவில்லை என்பதே காரணம். அதே ஆண்டில் கனேடிய அரசின் மதிப்பீடும் ட்ரைக்ளோசான் நீர்வாழ் உயிரினங்களுக்குத் தீங்கானது என்று கூறியது. பல ஆண்டுகளாகக் கூடுதல் பாதுகாப்பு என்று நம்பி வாங்கிய ஒன்றின் கணக்கு இவ்வாறு முடிந்தது.

போத்தலில் அச்சிட்டிருக்கும் “99.9 வீதம்” என்பதையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். பத்து இலட்சம் கிருமிகளில் 99.9 வீதம் போனாலும் ஆயிரம் எஞ்சும். அந்த எண்ணும் ஆய்வுகூடத்தில், குறிப்பிட்ட சில கிருமிகளை வைத்து, குறிப்பிட்ட நேரம் மருந்தில் நனையவிட்டுப் பெற்றது. எத்தனை நிமிடம் ஈரமாக இருக்கவேண்டும் என்பது பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். நாமோ தெளித்த கையோடு துடைத்துவிடுகிறோம்.

உண்மையான ஆபத்து வந்தபோது அது எந்த வழியால் வந்தது? எமது மாகாணத்திலேயே 2000ஆம் ஆண்டு மே மாதத்தில், வோக்கர்ட்டன் என்ற சிற்றூரில் குடிநீரால் 7 பேர் இறந்தனர். சுமார் 2,300 பேர் நோயுற்றனர். பெருமழையில் மாட்டெரு கிணற்று நீரோடு கலந்தது. போதிய குளோரின் சேர்க்கப்படவில்லை. சேர்த்ததாகப் பதிவேட்டில் பொய்க் கணக்கு எழுதப்பட்டிருந்தது. சமையலறை மேசையை எத்தனை முறை மருந்திட்டுத் துடைத்திருந்தாலும் அந்தக் குடும்பங்கள் தப்பியிருக்க முடியாது. அஜக்ஸில் நாம் குடிக்கும் ஒன்ராறியோ ஏரித் தண்ணீரை டர்ஹம் பிராந்தியம் வடிகட்டி, குளோரின் சேர்த்து அனுப்புகிறது. எமது வீட்டைக் காக்கும் முதலாவது கிருமிகொல்லி, விளம்பரம் எதுவுமில்லாமல் குழாய் வழியே வருகிறது.

“சரி, தேவைக்கு மேல் கவனமாக இருந்தால் என்ன நட்டம்? நாலு டொலர்தானே?” என்று சிலர் கேட்கலாம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரோ, வாந்திபேதி கண்டவரோ இருக்கும் வீட்டில் கிருமிகொல்லி அவசியமாகலாம். அது வைத்தியர் சொல்லும் காரியம். ஆனால் பயத்துக்கு ஒரு குணம் உண்டு. அது போத்தலோடு நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத எதிரியைத் தேடிக் களைத்தபின், கண்ணுக்குத் தெரியும் ஓர் ஆளைத் தேடத் தொடங்கும்.

2003இல் ரொறன்ரோவில் சார்ஸ் நோய் பரவியபோது இதைக் கண்டோம். நோய் பெரும்பாலும் வைத்தியசாலைகளுக்குள்ளேயே தொற்றியது. ஆனால் வெறிச்சோடிப் போனவை சீன உணவகங்கள். பிரதமர் ஜோன் கிறெற்றியன் தாமே சைனாரவுணுக்குப் போய் உணவருந்திக் காட்டவேண்டியிருந்தது. 2020 மே மாதத்தில், கோவிட் பயத்தின் நடுவில், இந்தியாவின் கென்ட் நிறுவனம் மாப்பிசையும் இயந்திரம் ஒன்றை விளம்பரம் செய்தது. உங்கள் வேலைக்காரியைக் கையால் மாப்பிசைய விடுகிறீர்களா, அவள் கையில் தொற்று இருக்கலாமே என்பது அதன் சாரம். கண்டனம் எழவே விளம்பரம் மீளப்பெறப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். வேலைக்காரியின் கைக்குத் தொற்று எங்கிருந்து வரக்கூடும், வீட்டுக்காரரின் கையில் அது இருக்காதா என்று அந்த விளம்பரம் கேட்கவில்லை. வியன்னாவில் கிருமி இருந்தது யாருடைய கையில் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தவர்களாகிய எமக்கு இந்தப் பேச்சு பழக்கமானது. கிணற்றில் அள்ளவிடாததற்கும், தேநீர்க் கடையில் வேறு பாத்திரம் வைத்ததற்கும், கோயில் வாசலில் தடுத்ததற்கும் சொன்ன நியாயம் “சுத்தம்” என்பதுதான். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் சென்று வழிபடுவதற்காகச் சத்தியாக்கிரகம் இருக்கவேண்டிய நிலை சில அடியார்களுக்கு ஏற்பட்டது. அன்று துடக்கு, தீட்டு என்று சொன்னதை இன்று கிருமி என்று பெயர் மாற்றிச் சொன்னால் அது விஞ்ஞானம் ஆகிவிடாது. கிருமிக்குச் சாதி தெரியாது. ஆளைப் பார்த்து வரும் அருவருப்பு எந்த நுணுக்குக்காட்டியிலும் அகப்படுவதில்லை.

ஆகவே எமது ஆலயத்துக்கும் வீட்டுக்கும் பொருத்தமான சுத்தம் எது? அன்னதானத்துக்குச் சமைப்பவரும் பரிமாறுபவரும், யாராயிருந்தாலும், சவர்க்காரமிட்டு இருபது விநாடி கை கழுவவேண்டும். வாந்தியும் வயிற்றோட்டமும் ஏற்படுத்தும் நோரோ வைரஸை ஜெல் சரிவர ஒழிப்பதில்லை; கழுவுதலே நல்லது. வயிற்றுக் கோளாறு உள்ளவர், எவ்வளவு பெரியவராயிருந்தாலும், குணமாகி இரண்டு நாட்கள் கழியும்வரை மடைப்பள்ளிக்குள் வராதிருக்கவேண்டும். சோற்றை மணிக்கணக்கில் வெளியே ஆறவிடக்கூடாது. அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போவதில்லை. சூடான உணவு 60 பாகை செல்சியஸுக்குக் குறையாமலும், குளிரூட்டிய உணவு 4 பாகைக்கு மேற்படாமலும் இருக்கட்டும். இவை எல்லாருக்கும் ஒரேமாதிரியான விதிகள். அறிவு தரும் விதிக்கும் பயம் தரும் விதிக்கும் உள்ள வேறுபாடு அதுவே. அறிவு “எல்லாரும் கழுவுங்கள்” என்கிறது. பயம் “அவர் தொட்டதைத் தொடாதே” என்கிறது.

வள்ளுவப் பெருந்தகை உடலின் தூய்மைக்கு நீரையும் உள்ளத்தின் தூய்மைக்கு உண்மையையும் வாய்மை அதிகாரத்தில் ஒருங்கே வைத்துப் பேசுகிறார். வோக்கர்ட்டனில் பொய்ப் பதிவேடு உயிர்களைப் பறித்ததை எண்ணும்போது இந்த இரண்டும் தனித்தனி அல்ல என்பது விளங்கும். எமது பிள்ளைகளுக்குக் கை கழுவப் பழக்குவோம். கூடவே, பயமுறுத்தி விற்கும் எவரிடமும் “இது உண்மையா?” என்று கேட்கவும் பழக்குவோம். தண்ணீருக்கும் சவர்க்காரத்துக்கும் அதிகம் செலவாகாது. உண்மைக்குச் செலவே இல்லை.