பின்னணி நீங்கிய விளக்கு

ஒரு பொருளைப் படமெடுத்து, அதைச் சுற்றியிருப்பதை எல்லாம் கைப்பேசியிலேயே அழித்துவிட்டுப் பொருளை மட்டும் தனியே நிறுத்துவது இன்று வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது. மலாக்கா மாநிலத்தில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா போன்ற ஊர்களின் தமிழ்க் குடும்பங்களில் இப்படிப் பிரித்தெடுக்கப்படுபவற்றில் பூஜை அறைப் பொருள்களும் உண்டு: குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, வேல், தோட்டத்துக் கோயிலிலிருந்து வந்து சேர்ந்த சூலம். கும்பாபிஷேக மலருக்கும் அழைப்பிதழுக்கும் திருவிழா அறிவிப்புக்கும் அத்தகைய படங்கள் வேண்டியிருக்கின்றன. சார்ந்திருந்த இடத்திலிருந்து பிரித்த பின்னும் ஒரு பொருள் அதே பொருள்தானா என்ற பழைய தத்துவக் கேள்வி இந்தச் சிறு வேலைக்குள் அடங்கியிருக்கிறது.

பின்னணியை நீக்கும் செயலி எந்த முறையில் இயங்கினாலும், விளிம்பில் பொருளின் நிறமும் பின்திரையின் நிறமும் தெளிவாக வேறுபட்டால் அது சுத்தமாக வெட்டும். ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டிய வெள்ளைப் பீங்கான் மங்கை வெள்ளை மாஜோங் தாளின் முன் வைத்தால் மங்கின் வாய் தாளோடு கலந்துவிடும். கருநீல மணிலா அட்டையை வைத்தால் பிசிறில்லாமல் பிரியும். பால் வெட்டும் கத்தியின் கறுத்த இரும்புக்கு வெளிர் நிறத் திரை போதும். வெயில் நேரே விழாத சன்னலோரம், பிளாஷ் இல்லாத வெளிச்சம், சற்றுத் தள்ளி அசையாமல் நிறுத்திய கைப்பேசி ஆகியவை இருந்தால் பெரும்பாலான பொருள்கள் எளிதில் வசப்படும்.

பித்தளை வசப்படுவதில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிய குத்துவிளக்கைப் பச்சைத் துணியின் முன் நிறுத்தினால், தண்டின் இரு ஓரங்களிலும் பச்சைக் கோடு ஓடும். தண்டில் உள்ள ஒவ்வொரு குமிழிலும் சன்னல் ஒரு வெள்ளைக் கட்டமாகத் தெரியும்; படமெடுப்பவர் சிவப்புச் சட்டை அணிந்திருந்தால் அதுவும் அங்கே ஒரு சிவப்புக் கீற்றாக விழும். துணியைச் செயலி முழுவதும் அழித்தாலும் பச்சைக் கோடு அழியாது, ஏனென்றால் அது இப்போது விளக்கின் மேல் இருக்கிறது. இதற்கு வழி, விளக்கைத் திரையிலிருந்து மூன்று நான்கு அடி முன்னே கொண்டுவந்து, இரு பக்கமும் வெள்ளை அட்டைகளை நிறுத்துவது. பச்சை போய்விடும். ஆனால் அப்போது விளக்கு காட்டுவது வெள்ளை அட்டைகளை. எல்லாவற்றையும் விலக்கிவிட்டால் பித்தளையின் உண்மை நிறம் வெளிப்படும் என்று எண்ணக்கூடும். நடப்பது நேர்மாறு. சுற்றிலும் எதிரொளிக்க எதுவும் இல்லாத இருட்டறையில் ஒற்றை விளக்கொளி மட்டும் பட்டால், துலக்கிய பித்தளை ஒரு புள்ளி வெளிச்சம் தவிர மற்றெல்லா இடத்திலும் கறுப்பாகவே தெரியும். அதன் மஞ்சள் பித்தளைக்கே உரியதுதான். அந்த மஞ்சள் தோன்றுவதற்கு மட்டும் சூழ ஏதேனும் இருந்தாக வேண்டும்.

ஏற்றிய விளக்கின் சுடர் இன்னும் கடினம். சுடருக்கு விளிம்பே கிடையாது. எங்கே கோடு போட்டாலும் ஒளியில் ஒரு பகுதி வெட்டுப்பட்டுப் போகும்.

பிரித்த பின்னும் பொருள் அதே பொருள்தானா என்ற கேள்விக்கு இந்தியத் தத்துவ மரபுகள் வெவ்வேறு விடைகள் தந்திருக்கின்றன. நியாய வைசேடிகர் இரு வகை உறவுகளைப் பிரித்துக் காட்டினர். விளக்குக்கும் அது நிற்கும் மாடத்துக்கும் இடையே உள்ளது சையோகம். சேர்ந்தவை பிரியலாம், பிரிந்தால் இரண்டுக்கும் கேடில்லை. விளக்குக்கும் அதன் நிறத்துக்கும் இடையே உள்ளது சமவாயம். விளக்கு இருக்கும்வரை அதைப் பிரிக்க முடியாது. இந்தக் கணக்கில் பின்னணி நீக்கம் வெறும் சையோகத்தை அறுக்கும் செயல். துணியும் மாடமும் போகும், விளக்கு மிஞ்சும். மங்குக்கும் கத்திக்கும் இந்த விடையே போதுமானது.

அத்வைதம் படிகத்தையும் செம்பருத்திப் பூவையும் எடுத்துக்காட்டாகச் சொல்லும். பூவின் அருகே வைத்த படிகம் சிவப்பாகத் தோன்றுகிறது. சிவப்பு படிகத்தில் இல்லை, அடுத்திருந்த பூவில் இருக்கிறது. பூவை அகற்றினால் படிகம் தன் தெளிவோடு நிற்கும். ஆன்மாவும் அப்படியே, அடுத்திருக்கும் உபாதிகள் நீங்கினால் தானாகவே விளங்கும் என்பது அதன் முடிவு. பின்னணி இல்லாத தூய பொருள் ஒன்று உண்டு என்ற நம்பிக்கைக்கு இதைவிட வலுவான தத்துவத் துணை கிடையாது.

சைவ சித்தாந்தமும் அதே படிகத்தைத்தான் எடுக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களாக அமைந்த சிவஞானபோதத்தை விளக்கும்போது அதன் ஆசிரியர் மெய்கண்டார் படிகத்தை உவமையாகக் கையாள்கிறார். உயிரின் இயல்பு சார்ந்ததன் வண்ணமாதல் என்பது சித்தாந்திகளின் கொள்கை. கட்டாகிய பாசத்தைச் சார்ந்தால் பாசத்தின் தன்மையும், இறைவனாகிய பதியைச் சார்ந்தால் பதியின் விளக்கமும் உயிரிடம் தோன்றும். இரண்டையும் சாராத மூன்றாம் நிலை உயிருக்குக் கிடையாது. மலம் நீங்கிய உயிர் தனித்து நிற்பதில்லை, திருவடியில் அடங்கி நிற்கிறது. அப்போதும் அது இறைவனாகிவிடுவதில்லை. உடலும் கருவிகளும் கூடாமல் ஆணவத்தோடு மட்டும் உயிர் கிடக்கும் நிலைக்குக் கேவல அவத்தை என்று பெயர். அதைச் சித்தாந்தம் இருள் என்றே சொல்கிறது. இருட்டறையில் கறுத்துப்போன பித்தளையைக் கண்டவருக்கு இந்தக் கருத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

உயிரைப் பற்றிய கொள்கையைச் சடப்பொருளின் மேல் ஏற்றலாமா என்ற தடை இங்கே எழும். நேரே ஏற்ற முடியாதுதான். விளக்குக்கு அறிவு இல்லை, அது எதையும் விரும்பிச் சார்வதில்லை. ஆனால் படிகமும் சடமே. அடுத்ததைக் காட்டாமல் இருக்க முடியாத பொருள்கள் உலகில் உள்ளன என்ற அளவில் உவமை நிற்கிறது. அந்த அளவில் அத்வைதத்தின் விடையைவிடச் சித்தாந்தத்தின் விடையே விளக்கின் நடத்தையோடு ஒத்துப்போகிறது. பச்சைத் துணியை எடுத்ததும் மிஞ்சுவது தூய விளக்கு அன்று. அடுத்து எதைச் சார்ந்ததோ அதைக் காட்டும் விளக்கு.

கோயில் நடைமுறையும் இதையே பின்பற்றுகிறது. திருப்பணிக்காக மூலவரின் சன்னிதியைத் தொட வேண்டி வந்தால் முதலில் பாலாலயம் செய்வார்கள். மூர்த்தியில் உள்ள தெய்வக் கலைகளைக் கும்பத்து நீரில் ஏற்றி, அங்கிருந்து பலகையிலோ சிறு திருவுருவிலோ நிலைநிறுத்திப் பூஜை நடத்துவார்கள். திருப்பணி முடிந்து கும்பாபிஷேகத்தின்போது மீண்டும் மூலவருக்கே சேர்ப்பார்கள். தெய்வ சாந்நித்தியத்தை ஓர் உருவிலிருந்து பிரிக்கலாம் என்பதை ஆகமம் மறுக்கவில்லை. பிரித்ததை இடமின்றி விட்டுவைப்பதற்குத்தான் அதில் வழியில்லை. ஒரு கணமும் வெற்றிடம் இராதபடி கும்பம் அங்கே காத்திருக்கிறது.

ஒன்றின் அடையாளம் அதன் சுற்றத்தைச் சார்ந்திருப்பதை மலாக்காவில் தெருவிலேயே காணலாம். ஜாலான் துக்காங் எமாசில் உள்ள பொய்யாத விநாயகர் கோயில், மலாக்கா செட்டி சமூகத்தார் 1781இல் எழுப்பியது. அதே தெரு வரிசையில் 1748இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும், பதினேழாம் நூற்றாண்டுச் சீனக் கோயிலான செங் ஹூன் தெங்கும் இருக்கின்றன. யுனெஸ்கோ 2008இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது தனிக் கட்டடங்களை அல்ல, ஜார்ஜ் டவுனோடு சேர்த்து மலாக்காவின் பழைய நகரத்தையே. கோபுரத்தை மட்டும் வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டினால் அதன் சிற்பங்கள் தெரியும். பள்ளிவாசலுக்கு அருகே விநாயகருக்கு ஓர் இடம் அமைந்த வரலாறு தெரியாது.

தோட்டத்துக் கோயில்களில் இழப்பு இன்னும் கூடுதல். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் ரப்பர் பயிரிட்டது மலாயாவின் வணிக ரப்பர் விவசாயத்தின் தொடக்கம். அதன் பின் பெருகிய தோட்டங்களில் தொழிலாளர் லயங்களின் ஓரத்தில் மாரியம்மனும் மரத்தடியில் முனியாண்டியும் குடிகொண்டார்கள். முனியாண்டிக்குப் பல இடங்களில் உருவம்கூடக் கிடையாது. மண்ணில் நட்ட சூலம், அதன் பின்னே மரம், மரத்தில் சுற்றிய மஞ்சள் துணி ஆகியவை சேர்ந்ததே சன்னிதி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமானபோதும், மக்கள் எடுத்துச் செல்ல முடிந்தது சூலத்தை மட்டுமே. மரம் அங்கேயே நின்றது, அல்லது சாய்க்கப்பட்டது. அந்தச் சூலத்தைப் படமெடுத்துப் பின்னணியை நீக்கும்போது, வாழ்க்கை முன்பே ஒருமுறை செய்துவிட்ட பிரிவு இரண்டாம் முறையும் நடக்கிறது. காய்ந்த எலுமிச்சம்பழமும் அடியில் ஒட்டிய செம்மண்ணும் செயலிக்குப் பிசிறாகவே படும். உண்மையில் அந்த இரும்புத் துண்டு எங்கே நின்றது என்பதற்கு மிஞ்சிய சான்று அந்த மண்தான்.

ஆகவே பின்னணி நீக்குவது தவறு என்று முடிவு செய்வதும் பொருந்தாது. உற்சவ மூர்த்தி கருவறையை விட்டு வெளியே வரத்தான் செய்கிறார். செங் என்ற ஊரிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலின் மாசி மகத்துக்குத் தேர் புறப்படுவது மலாக்காவில் வழிவழியாக நடப்பது. அழைப்பிதழில் அச்சேறும் விளக்கும் அதுபோல வெளியே செல்லலாம். கருவறை கலையாமல் இருக்கும்வரை உற்சவர் திரும்பி வர இடம் உண்டு. படத்துக்கு அந்த இடம் வெட்டப்படாத அசல் படமே.

தோட்டத்திலிருந்து வந்த பொருளை வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள், அதைத் துலக்கித் திரையின் முன் நிறுத்துவதற்கு முன்பே, பூஜை மாடத்தில் பூவும் பொட்டும் எண்ணெய்க் கறையுமாக இருக்கும் நிலையில் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். அது எந்தத் தோட்டத்தின் எந்தக் கோயிலிலிருந்து, எந்த ஆண்டு, யார் கையால் வந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் படத்தோடு எழுதி வைக்க வேண்டும். பின்னணி நீக்கிய படம் எத்தனை அழகாக வந்தாலும் அசலை அழிக்கக் கூடாது.