வலிக்காத சேதம்

பெங்களூருவின் பழைய விமான நிலையச் சாலை வட்டாரத்தில் இரண்டு நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்று எச்.ஏ.எல்., சேத்தக் ஹெலிகாப்டரை 1960-களில் கட்டத் தொடங்கிய நிறுவனம். துருவ் ஹெலிகாப்டர் 1992 ஆகஸ்ட் 20 அன்று முதன்முதலாக எழும்பியதும் அங்கேதான். மற்றொன்று, விமானப்படை 1957-ல் தொடங்கிய வான்வெளி மருத்துவக் கழகம். முதலாவது இடத்தில் இரைச்சல் பிறக்கிறது. இரண்டாவதில், அந்த இரைச்சலோடு வாழ்நாளைக் கழிக்கப்போகிறவரின் செவியைச் சோதிக்கிறார்கள். ஓசை புகாத சிறு அறையில் உட்காரவைத்து, மெல்லிய ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லும் சோதனை அது. முதல் நாள் இரவு விழித்திருந்து படித்து எழுதக்கூடிய பரீட்சை அல்ல. பத்து வருடம் எப்படி இருந்தோமோ, அதுதான் தாளில் கோடாக விழும்.

உடம்பு நமக்கு விடும் எச்சரிக்கை வலி. கால் சுளுக்கினால் நடையை நிறுத்துகிறோம், பல் வலித்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். செவி அப்படி முறையிடுவதில்லை. இரண்டு மணிநேரம் பறந்து இறங்கியவருக்குக் காது கொஞ்சம் மந்தமாகும். உள்ளே ஏதோ இரைந்துகொண்டிருக்கும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். இந்தச் சரியாகிவிடுகிற குணத்தைத்தான் நான் மிகவும் சந்தேகப்படுகிறேன். ஒவ்வொரு காலையும் நமக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் காதுக்கு ஏறத்தாழ 15,000. பறவைகளுக்கு இவை அழிந்தாலும் மறுபடி முளைக்கின்றன. மனிதருக்கு முளைப்பதில்லை. பிறவியிலேயே பறப்பவைக்கு இயற்கை கொடுத்த சலுகை, இயந்திரத்தில் ஏறிப் பறப்பவருக்குக் கிடையாது.

சேதம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகில் தொடங்கும். உயிரெழுத்துகளின் கனம் அதற்குக் கீழே இருப்பதால் பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. வல்லினத்தின் கூர்மையும் சகரத்தின் சீறலும் முதலில் மங்கும். குரல் கேட்கும், சொல் பிடிபடாது. பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் விலகிப்போகும். வீட்டில் ஒரு விஷயத்தை இரண்டு முறை சொல்லிப் பார்ப்பார்கள். மூன்றாவது முறை, “ஒண்ணுமில்ல, விடுங்க” என்று முடித்துவிடுவார்கள். மருத்துவத் தாளில் ஏறாத இழப்பு இதுதான். இதன் கணக்கைச் செவி இழந்தவர் எழுதுவதில்லை. சொல்லாமல் விட்டவர்கள்தான் மனத்துக்குள் எழுதிக்கொள்கிறார்கள்.

ஆகவே ஹெலிகாப்டர் ஓட்டுபவர் ஒரு ஹெட்செட்டைத் தேர்ந்தெடுப்பதை வெறும் கடை விவகாரமாக என்னால் பார்க்க முடியவில்லை. வலி வருவதற்கு முன்பே, எந்த வற்புறுத்தலும் இல்லாதபோதே, எடுக்கவேண்டிய முடிவு அது.

ஹெலிகாப்டரின் இரைச்சல் ஒரே ஓசை அல்ல. துருவ் ஹெலிகாப்டரின் நான்கு பிளேடுகள் நிமிடத்துக்கு 300 முறைக்குச் சற்று மேல் சுழல்கின்றன. அதாவது நொடிக்கு இருபது சொச்சம் அடிகள். காதைவிட நெஞ்சுக்கூடு முந்தி உணரும் அதிர்வு அது. அதன் மடங்குகள் மேலே மேலே ஏற, தலைக்கு மேல் கியர்பாக்ஸ் கீச்சிட, டர்பைன் ஊளையிடும். விமானி அறைக்குள் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 100-ஐத் தொடும் இயந்திரங்களும் உண்டு. நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணிநேரத்துக்கு 90 வரை பொறுத்துக்கொள்கின்றன. அமெரிக்கத் தொழில்சார் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்த எல்லை 85. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் காப்பில்லாத செவி தாங்கக்கூடியது 15 நிமிடம்.

கெட்டியான காதுமூடி கீச்சொலியை நன்றாகத் தடுக்கும். ஆழ்ந்த ஓசை அதைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். அதற்குத்தான் எதிரலை முறை. மூடிக்குள் ஒரு சிறு மைக் வரும் அலையைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை எழுப்பி இரண்டையும் மோதவிடுகிறது. இந்த எண்ணத்துக்கு ஜெர்மானியரான பால் லூயக் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். அதைத் தலையில் மாட்டும் பொருளாக்க முனைந்தவர்களில் முக்கியமானவர், ஆங்கிலேயரை எதிர்த்துவிட்டு வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன நோனி கோபால் போஸின் மகன் அமர் போஸ். 1978-ல் ஜூரிக்கிலிருந்து திரும்பும் விமானத்தில், அங்கே கொடுத்த செவிக்கருவியில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காத எரிச்சலில், அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது 1989-ல். எரிச்சலை உழைப்பாக்க அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

எதிரலை ஹெட்செட்டை வாங்கியவர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆழ்ந்த இரைச்சல் பேச்சை மூழ்கடிக்கும். அதனால் விமானி ரேடியோவின் ஒலியளவைக் கூட்டுவார். காதைக் கெடுப்பதில் அந்தக் கூட்டிய ஒலிக்கும் பங்குண்டு. புதிய கருவி இரைச்சலைக் குறைத்த பிறகும் ஒலிக் குமிழைப் பழைய அளவிலேயே வைத்திருந்தால், கொடுத்த பணத்தில் பாதி வீண். கருவி பாதி வேலையைத்தான் செய்யும், மீதி கையில் இருக்கிறது.

வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட டெசிபல் எண்ணை அப்படியே நம்பவேண்டாம். ஆய்வகத்தில் ஒழுங்காக மாட்டி அளந்த எண் அது. காதுமூடிகளுக்கு அதில் கால் பங்கைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது நியோஷ். மூக்குக்கண்ணாடியின் காம்பு மூடிக்கும் தோலுக்கும் நடுவே ஓர் இடைவெளியை உண்டாக்கும். மெல்லிய காம்பாக மாற்றுவது புது ஹெட்செட் வாங்குவதைவிட மலிவு. ஹெலிகாப்டர்களில் பெரும்பாலும் ஒற்றைப் பிளக், சிறு விமானங்களில் இரட்டைப் பிளக். இராணுவ இயந்திரங்களின் மின்தடையும் வேறு. சுருள் கம்பி நல்லது, கட்டுப்பாட்டுத் தண்டில் மாட்டாது. தலையை இறுக்கி வலிக்கச் செய்வதை வாங்காதீர்கள். வலித்தால் ஒரு காதைச் சற்றே தள்ளி வைப்பீர்கள், அப்புறம் காப்பே இல்லை. எல்லாவற்றுக்கும் முன்பாக, சுவிட்சை அணைத்துவிட்டு மாட்டிப் பாருங்கள். நடுவானில் பேட்டரி தீர்ந்தால் உங்களோடு மிஞ்சப்போவது அந்த மூடிதான். பாட்டு கேட்க வாங்கிய ஹெட்ஃபோனில் மைக்கை ஒட்டிப் பறப்பவர்களையும் பார்க்கிறோம். அது சிக்கனம் ஆகாது.

பழைய தலைமுறை விமானிகளிடம் ஒரு மறுப்பு உண்டு. இயந்திரத்தின் குரலைக் கேட்டே அதன் நோயை அறிந்தவர்கள் அவர்கள். குரலை அடக்கிவிட்டால் என்ன செய்வது என்கிறார்கள். மதிக்கத்தக்க கேள்விதான். எதிரலை எல்லா ஓசையையும் விழுங்குவதில்லை. சீரான தாழ்ந்த ஓசையைத்தான் பெரிதும் விழுங்குகிறது. கியரின் மாறிய கீச்சும் ரோட்டர் வேகம் குறைந்தால் அலறும் எச்சரிக்கையும் முன்னைவிடத் தெளிவாகவே வரக்கூடும். இருக்கையின் நடுக்கத்தை எந்த மூடியும் மறைக்காது. இயந்திரத்தின் மாறுதலைக் கேட்கவேண்டும் என்ற அதே கடமைக்காகவே செவியைக் காக்கவேண்டியிருக்கிறது. இருபது வருடம் காப்பில்லாமல் கேட்ட காதுக்கு அந்த மாறுதல் எட்டாது.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும். நல்ல எதிரலை ஹெட்செட் ஒன்று லட்ச ரூபாயைத் தொடுகிறது. பயிற்சிக்காகவே கடன் வாங்கிய இளைஞருக்கு அது சுமை. எதிரலை இல்லாத நல்ல ஹெட்செட்டும், உள்ளே பஞ்சு போன்ற ஃபோம் அடைப்பானும் சேர்ந்தால் முதல் சில ஆண்டுகளைத் தாண்டிவிடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. ப்ளூடூத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்துவிட்டு அடைப்பானை மறுப்பவரைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

இவ்வளவும் உட்கார்ந்து ஓட்டுபவரைப் பற்றி. கீழே நிற்பவர் ஒருவர் இருக்கிறார். இயந்திரம் சூடேறும்போது பக்கத்தில் நின்று கைச்சாடை காட்டுபவர், பிளேடு சுழலச் சுழல எரிபொருள் குழாயோடு குனிந்து வருபவர். அவருடைய சம்பளத்தில் எதிரலை வராது. ஹெட்செட் வாங்கக் கிளம்பும் விமானி, அவர் காதில் என்ன இருக்கிறது என்றும் ஒரு தடவை பார்க்கவேண்டும். பல வேளைகளில் அடைப்பான் இருக்கும், ஆனால் காதின் வாயிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதை மெல்லிசாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே செலுத்தி, விரியும்வரை விரலால் பிடித்திருக்கவேண்டும். செய்து காட்ட அரை நிமிடம் போதும்.