பார்க்காத வயலின் வினை

நூற்பாலையில் பஞ்சு செலக்டராக இருந்தவன் நான். பேலிலிருந்து ஒரு பிடி எடுத்து, இரண்டு கைக்கும் நடுவே இழுத்து நார் நீளம் பார்க்கிற வேலை. மாலிப் பஞ்சும் வரும், அமெரிக்கப் பஞ்சும் வரும். முன்னது கையால் பறித்தது, பின்னது இயந்திரத்தால். 2001-02 பருவத்தில் உலக விலை பவுண்டு 40 சென்ட் பக்கம் விழுந்தது. மாலிப் பஞ்சு விழுந்த விலைக்கே போக வேண்டியிருந்தது. டெக்ஸஸ்காரருக்குப் பள்ளத்தை அரசு நிரப்பியது.

வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டில் பிறந்தவன். சமணத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த கணக்கு கறாரானது: தானே செய்வது, பிறரைச் செய்விப்பது, பிறர் செய்ததற்கு மனம் ஒப்புவது, மூன்றும் வினை. அப்படியானால் இந்த மானியம் யார் கணக்கில் ஏறும்?

தன் பணத்தைத் தன் குடியானவருக்கு ஓர் அரசு கொடுக்கிறது. கொடுக்கிற கையைத் தட்டிவிடுவது பாவம் என்றுதான் நாமும் வளர்ந்தோம். ஆனால் விலை விழுந்தால் விதைப்பைக் குறைப்பது உழவர் வழக்கம். விழுந்ததை அரசு ஈடுகட்டியதால் அமெரிக்காவில் விதைப்பு குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. விளைந்தது கப்பலேறியது, விலை இன்னும் இறங்கியது. அங்கே அப்போது சுமார் 25,000 பருத்தி விவசாயிகள். பெனின், புர்கினா ஃபாஸோ, சாட், மாலி நான்கிலும் பருத்தியை நம்பி ஒரு கோடிப் பேருக்கு மேல்.

டெக்ஸஸில் காசோலை வாங்கியவர் மாலியை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். கருதாமல் செய்தது வினையா? பௌத்தர்கள் கருத்தைத்தான் பெரிதாக எடுப்பார்கள். எங்கள் தத்துவார்த்த சூத்திரமோ அசட்டையால் உயிருக்கு வரும் கேட்டையும் இம்சையில் சேர்க்கிறது. 2003 ஜூனில் புர்கினா ஃபாஸோ அதிபர் பிளேஸ் கம்ப்பாவ்ரே ஜெனீவாவுக்கே போய் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டார். 2005இல், பிரேசில் தொடுத்த வழக்கில், அந்த மானியங்கள் உலக விலையை அமுக்கின என்று மேல்முறையீட்டிலும் தீர்ப்பானது. அதற்குப் பிறகும் தொடர்ந்ததை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

பதிலடி வரி போடும் உரிமை பிரேசிலுக்குக் கிடைத்தது. அதைத் தவிர்க்க, 2010இல் அமெரிக்கா ஆண்டுக்கு 14.73 கோடி டாலரை பிரேசில் பருத்தித் துறைக்குத் தர ஒப்புக்கொண்டது. 2014இல் 30 கோடி டாலரோடு விவகாரம் முடிந்தது. தன் மானியத்தைக் காப்பாற்ற அடுத்த நாட்டு விவசாயிக்கும் மானியம்! பெனினும் சாடும் அந்த வழக்கில் மூன்றாம் தரப்பாக உட்கார்ந்திருந்தன. இழப்பீட்டில் அவற்றுக்குப் பங்கில்லை. அவை வரி போட்டால் அமெரிக்காவுக்கு அது கொசுக்கடி. மிரட்டத் தெரிந்தவனுக்குக் கட்டியதைப் பிராயச்சித்தம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மனம் ஒப்பிய பங்கு எங்கள் பக்கத்தில் இருக்கிறது. மலிவுப் பஞ்சு வேண்டாம் என்று எந்த மில் திருப்பி அனுப்பியது? நம் இந்தியப் பருத்திக் கழகம் ஆதார விலைக்கு வாங்குவதையும் இதே தராசில் ஏற்றத்தான் வேண்டும். விதர்பாப் பருத்தி விவசாயியின் கடனை நினைத்தால் எனக்குக் கை வராது, ஆனாலும் ஏற்ற வேண்டும்.

கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தைப் பார்த்துக் கொடுங்கள், எத்தனை ஏக்கர் விதைத்தார், என்ன விலைக்குப் போனது என்று கேட்டுக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தாலும் வினை முழுக்கத் தீராது, கையில் காசிருந்தால் விதைக்கத்தானே செய்வான் என்று என் தம்பி சண்டைக்கு வருவான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.